பிங் வருகிறது, பிஎல்சி பிடிபடவில்லை: போர்ட் போய்விட்டதா?

கேள்வி நீளமாக இருக்கிறது, அதனால் நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு பீன்யாவில் பேக்கேஜிங் மெஷின்கள் ஓடும் ஒரு யூனிட்டில் மெயின்டனன்ஸ் பார்க்கிறீர்கள். டிப்ளமோ முடித்துச் சேர்ந்து இரண்டாவது வருடம். பழைய லேப்டாப் படுத்துவிட்டதால் கம்பெனி புதிதாக ஒன்று கொடுத்திருக்கிறது. மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர், அதாவது பிஎல்சி, ஒரு மெஷினில் சீமென்ஸ் எஸ்7-1200, இன்னொன்றில் பழைய டெல்டா டிவிபி. புது லேப்டாப்பில் இரண்டுமே பிடிபடவில்லை. சீமென்ஸுக்கு பிங் (அந்த முகவரியில் யாராவது பதில் சொல்கிறார்களா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் "0% லாஸ்" என்று வருகிறது, ஆனால் சீமென்ஸின் புரோகிராமிங் மென்பொருளான டிஐஏ போர்ட்டல் ஆன்லைன் போக மறுக்கிறது. டெல்டாவுக்கு எஸ்.பி. ரோட்டில் "பிஎல்சி கேபிள்" என்று கேட்டு வாங்கிய யுஎஸ்பி கேபிளைப் போட்டால் கம்யூனிகேஷன் எரர். "இரண்டு போர்ட்டும் போய்விட்டதா சார், ஓனரிடம் புது சிபியு கேட்கட்டுமா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

தம்பி, இன்றைக்கு ஓனர் அறைப் பக்கம் போகாதீர்கள். வேறு வேறு கம்பெனி தயாரித்த இரண்டு கன்ட்ரோலர்களின் போர்ட்டும், லேப்டாப் மாறிய அதே வாரத்தில் சேர்ந்து போவதற்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு. மாறியது லேப்டாப், கேபிள், டிரைவர். தேட வேண்டியதும் அங்கேதான். சீமென்ஸ் விஷயத்தில், நீங்கள் ஒட்டிய பிங் வரிகளை வைத்தே கோளாறு எந்தப் பக்கம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். டெல்டாவை அப்படி இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. அந்த போர்ட் நன்றாக இருக்கிறதா என்று தீர்மானிக்கும் வழியை மட்டும் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. பிடிபடவில்லை என்ற எரிச்சலில் டவுன்லோடு, ஃபேக்டரி ரீசெட், ஐபி முகவரி ஒதுக்கு என்று எதையும் அழுத்தாதீர்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் புரோகிராம் பேக்கப் உங்களிடம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் முறை ஆன்லைன் போனதும் செய்ய வேண்டிய வேலை அப்லோடு, அதாவது கன்ட்ரோலரிலிருந்து லேப்டாப்புக்கு எடுத்து வைப்பது. மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

சீமென்ஸ் பேனலில் ஹெச்எம்ஐ ஸ்கிரீன், அதாவது ஆபரேட்டர் பார்க்கும் திரை, இருக்கிறதா? அதில் எண்கள் மாறிக்கொண்டிருக்கின்றனவா? அந்த ஹெச்எம்ஐ ஈதர்நெட் வழியாக இணைந்திருந்தால், சிபியுவின் (பிஎல்சியின் மூளைப் பகுதி) போர்ட் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே போதும். 1211, 1212, 1214 வகை சிபியுக்களில் ஒரே ஒரு ஈதர்நெட் போர்ட்தான் உண்டு. அதனால் பேனலுக்குள் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஹெச்எம்ஐ கேபிளைப் பிடுங்கிவிட்டு அங்கே செருகாமல், ஸ்விட்சில் காலியாக இருக்கும் போர்ட்டில் லேப்டாப்பைச் செருகுங்கள். செருகியதும் ஸ்விட்சிலும் லேப்டாப் பக்கத்திலும் லிங்க் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் கேபிள், யுஎஸ்பி-லேன் டாங்கிள், கேபிள் நுனியில் உள்ள ஆர்ஜே45 முனை இவற்றில்தான் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் மென்பொருளில் தேடிப் புண்ணியமில்லை.

இப்போது அந்த பிங். நீங்கள் ஒட்டியிருக்கும் வரி இது: "ரிப்ளை ஃப்ரம் 192.168.0.50: டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்". நான்கு முறை இதே வரி, கடைசியில் அனுப்பியது 4, வந்தது 4, இழந்தது 0. கடைசி வரியை மட்டும் பார்த்தால் பிங் வந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் 192.168.0.50 யாருடைய முகவரி? உங்கள் லேப்டாப்புக்கு நீங்களே கொடுத்தது. பிஎல்சியின் முகவரி 192.168.0.1. நடந்தது என்னவென்றால், லேப்டாப் முதலில் ஏஆர்பி வழியாக "192.168.0.1 யாரிடம் இருக்கிறது" என்று கேபிளில் கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. உடனே விண்டோஸ் தானே "ஆள் இல்லை" என்று ஒரு செய்தியை உருவாக்கி, அதையும் வந்த பதில் கணக்கில் சேர்த்துவிட்டது. ஆக அந்த 0% லாஸுக்குப் பொருளே கிடையாது. பிங் பார்க்கும்போது சதவீதத்தை விட்டுவிட்டு, "ஃப்ரம்" என்பதற்குப் பக்கத்தில் எந்த முகவரி இருக்கிறது, வரியின் முடிவில் டைம், டிடிஎல் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால்தான் அது பதில்.

இன்னொரு இடத்தில், "சில சமயம் ஒழுங்காக பிங் வருகிறது, டைம் 3 மில்லிசெகண்ட் காட்டுகிறது, அப்போதும் டிஐஏவில் கிடைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் சுவாரசியமாகப் பட்டது. அப்போது லேப்டாப்பில் வைஃபை ஆனில் இருந்ததா? இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். டிஐஏவில் புது சிபியுவைச் சேர்த்தால் அது தானாகக் கொடுக்கும் முகவரி 192.168.0.1. மெஷின் கட்டிக்கொடுப்பவர்களில் பலர் அதை மாற்றுவதே இல்லை. கடையில் கிடைக்கும் பல வைஃபை ரவுட்டர்களுக்கும் அதே 192.168.0.1தான் ஆரம்ப முகவரி. வைஃபை ஆனில் இருந்தபோது உங்களுக்குப் பதில் சொன்னது ஆபீஸ் ரவுட்டராக இருக்கலாம். ஒரே பெயரில் தெருவில் இரண்டு பேர் இருக்க, கூப்பிட்டதும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்த கதைதான். லேப்டாப்பின் வைஃபை, லேன் இரண்டும் ஒரே 192.168.0 தொடரில் இருந்தால், பாக்கெட்டை எந்த வழியில் அனுப்புவது என்று விண்டோஸ் ஒரு மெட்ரிக் எண்ணை வைத்துத் தீர்மானிக்கும். நீங்கள் செருகிய கேபிளைத்தான் அது தேர்ந்தெடுக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இது வெறும் ஊகம்தான், ஆனால் சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். வைஃபையை அணையுங்கள். லேன் கார்டுக்கு 192.168.0.50, மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. இந்த முகவரியை ஹெச்எம்ஐயோ வேறு லேப்டாப்போ வைத்திருக்கக் கூடாது. பிறகு பிங் அடித்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டில் ஏஆர்பி, ஒரு இடைவெளி, மைனஸ் ஏ என்று அடியுங்கள். முகவரிகளும் அவற்றுக்குரிய மேக் எண்களும் (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் தயாரிப்பிலேயே கொடுக்கப்படும் அடையாள எண்) பட்டியலாக வரும். 192.168.0.1-க்கு நேரே உள்ள மேக் எண்ணைக் குறித்துக்கொண்டு பேனலுக்குப் போங்கள். எஸ்7-1200 முகப்பின் கீழ்ப்பக்க மூடியைத் தூக்கினால் இடது மூலையில் அதன் மேக் எண் அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் பேசுவது பிஎல்சியோடுதான். வேறாக இருந்தால் வேறு யாரோ அந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டியலில் அந்த முகவரியே இல்லை என்றால், ஒன்று பிஎல்சியின் முகவரி நீங்கள் நினைப்பது அல்ல, அல்லது கேபிள் வழி அறுந்திருக்கிறது.

முகவரி என்னவென்றே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. டிஐஏவில் ஆக்சஸிபிள் டிவைசஸ் என்று ஒரு தேடல் இருக்கிறது. அது டிசிபி என்ற முறையில் ஈதர்நெட் அளவிலேயே தேடுவதால் ஐபி முகவரி பொருந்தாவிட்டாலும், முகவரியே இல்லாவிட்டாலும் கன்ட்ரோலர் அதில் தெரியும். சீமென்ஸ் இலவசமாகத் தரும் புரொனெட்டா பேசிக் மென்பொருளும் இதே வேலையைச் செய்யும். ஆனால் இந்தத் தேடலுக்கு எந்த நெட்வொர்க் கார்டு வழியாகத் தேட வேண்டும் என்று பிஜி/பிசி இன்டர்ஃபேஸில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் புது லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லை, யுஎஸ்பி டாங்கிள் போட்டிருக்கிறேன் என்கிறீர்கள். அந்தப் பட்டியலில் வைஃபை, டாங்கிள், விஎம்வேர் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) போட்டிருந்தால் அதன் மாய கார்டுகள் என்று எல்லாம் வரிசையாக நிற்கும். டாங்கிளின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸில் அந்த டாங்கிளின் புராப்பர்டீஸைத் திறந்து, "புரொஃபினெட் ஐஓ புரோட்டோகால் (டிசிபி/எல்எல்டிபி)" என்ற வரிக்கு டிக் இருக்கிறதா என்று பாருங்கள். டிக் இல்லாவிட்டால் அந்தக் கார்டு வழியாக தேடல் நடக்காது, பிங் மட்டும் வழக்கம்போல் போகும். டிஐஏவை நிறுவிய பிறகு வாங்கிய டாங்கிள்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிஎல்சியை லேப்டாப்பிலேயே பாவனையாக ஓட்டும் பிஎல்சிசிம் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் அதை மூடிவிடுங்கள், சிமுலேஷன் ஓடும்போது நிஜ இணைப்புகள் முடங்கும். டிஐஏவை விஎம்வேருக்குள் வைத்திருந்தால் பிரிட்ஜ் ஆட்டோமேட்டிக்கில் இருக்கக் கூடாது, டாங்கிளோடு நேரடியாகக் கட்டுங்கள்.

தேடலில் தெரிகிறது, மேக்கும் ஒத்துப்போகிறது, ஆனாலும் ஆன்லைன் போகவில்லை என்றால், பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையில் பிஎல்சி முகவரியையும் போர்ட் 102-ஐயும் கொடுத்துப் பாருங்கள். சீமென்ஸ் எஸ்7 பேச்சு நடப்பது டிசிபி 102-ல். (இது நெட்வொர்க்கில் வழக்கமாகச் சொல்லும் டிசிபி. மேலே சொன்ன தேடல் டிசிபி வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவது நம் தலையெழுத்து.) நாளைக்கு வேறு மெஷின் வந்தால் மோட்பஸுக்கு 502, ஆலன்-பிராட்லியின் ஈதர்நெட்/ஐபிக்கு 44818 என்று இதே சோதனையைச் செய்யலாம். 102 திறக்கிறது என்று பதில் வந்தால், அப்புறம் மீதி இருப்பது மென்பொருள் வெர்ஷன், சிபியு ஃபர்ம்வேர், பாஸ்வேர்டு இந்த மூன்றும்தான். பாஸ்வேர்டு கேட்டுவிட்டது என்றால் சந்தோஷப்படுங்கள், கம்யூனிகேஷன் நன்றாக இருக்கிறது. அதன் பிறகு மெஷின் கட்டிக்கொடுத்தவரைத்தான் பிடிக்க வேண்டும்.

ஃபயர்வாலை அணைத்துப் பாருங்கள் என்று உங்களுக்கு ஏற்கெனவே யாராவது சொல்லியிருப்பார்கள். ஆன்லைன் போகும்போது இணைப்பைத் தொடங்குவது லேப்டாப், அதாவது வெளியே போகும் பேச்சு. விண்டோஸின் சொந்த ஃபயர்வால் இதை வழக்கமாகத் தடுக்காது. கம்பெனி ஐடி ஆட்கள் போட்ட பாதுகாப்பு மென்பொருள் தடுக்கலாம். தடுத்தால் அதை அணைக்காமல், அவர்களிடம் விலக்குக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2010-ல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கம்ப்யூட்டர் புழு, பிஎல்சிக்குள் நுழைந்தது நம் கையில் இருப்பது போன்ற புரோகிராமிங் கம்ப்யூட்டர் வழியாகத்தான். சீமென்ஸின் ஸ்டெப் 7 மென்பொருள் பிஎல்சியோடு பேசப் பயன்படுத்தும் டிஎல்எல் கோப்பையே அது மாற்றி வைத்தது.

டெல்டாவுக்கு வருவோம். எனக்கு முதலில் சந்தேகம் வருவது அந்த "பிஎல்சி கேபிள்" மேல். டெல்டா டிவிபியின் போர்ட் 8 பின் வட்ட முனை. மிட்சுபிஷி எஃப்எக்ஸ் வரிசையிலும் அதே போன்ற 8 பின் வட்ட முனைதான். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது எஃப்எக்ஸ் கேபிளாக இருந்தால் அது அழகாகப் பொருந்தும், ஆனால் பேசாது. டெல்டாவில் அங்கே இருப்பது ஆர்எஸ்-232, மிட்சுபிஷியில் ஆர்எஸ்-422, மின் அளவும் பின் வரிசையும் வேறு. கேபிளின் மேல் எஸ்சி-09, எஃப்எக்ஸ் என்று ஏதாவது அச்சிட்டிருந்தால் அதை மறுபடி பிஎல்சியில் செருகாதீர்கள். எஸ்.பி. ரோட்டுக்கு இன்னொரு நடை போக வேண்டியதுதான். போகும்போது டெல்டா டிவிபி, ஆர்எஸ்-232 என்று சொல்லிக் கேளுங்கள். ஒரே துண்டாக வரும் கேபிளைவிட, யுஎஸ்பியிலிருந்து 9 பின் முனைக்கு ஒரு கன்வெர்ட்டர், அதிலிருந்து டெல்டாவுக்கு ஒரு கேபிள் என்று இரண்டு துண்டாக வாங்குவது நல்லது. ஏன் என்று கீழே புரியும்.

அடுத்தது கேபிளுக்குள் இருக்கும் சிப். டிவைஸ் மேனேஜரைத் திறந்து போர்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால், அல்லது "பிஎல்2303ஹெச்எக்ஸ்ஏ ஃபேஸ்டு அவுட் சின்ஸ் 2012" என்று போர்ட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாக்கியமே நின்றால், அது புரொலிஃபிக் கம்பெனியின் பழைய சிப் அல்லது அதன் போலி. புது விண்டோஸுக்கு வரும் டிரைவர் அதை ஏற்காது. பழைய லேப்டாப்பில் இதே வகைக் கேபிள் ஓடியதற்கும் இதில் ஓடாததற்கும் இது ஒன்றே காரணமாக இருக்கலாம். பழைய டிரைவரைத் தேடிப் போடும் வித்தை உண்டு, ஆனால் ஒவ்வொரு விண்டோஸ் அப்டேட்டுக்கும் மறுபடி மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வெர்ட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிடுவதுதான் என் கட்சி.

முக்கோணம் இல்லை, காம் 14 என்று ஒழுங்காகக் காட்டுகிறது என்றால், கன்வெர்ட்டரை மட்டும் தனியாகச் சோதியுங்கள். 9 பின் முனையில் 2, 3 ஆகிய பின்களை ஒரு சின்னக் கம்பியால் இணையுங்கள். பிஎல்சி பக்கம் எதுவும் செருகியிருக்கக் கூடாது. புட்டி அல்லது டெராடெர்ம் மென்பொருளில் அந்த காம் போர்ட்டைத் திறந்து ஏதாவது தட்டச்சு செய்யுங்கள். அடித்த எழுத்து திரையில் வந்தால், கம்பியை எடுத்ததும் வராமல் நின்றால், லேப்டாப், டிரைவர், கன்வெர்ட்டர் மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று அடித்துச் சொல்லலாம். சந்தேகம் அடுத்த துண்டுக் கேபிளுக்கும் பிஎல்சிக்கும் நகர்ந்துவிடும். ஒரே துண்டுக் கேபிளில் அந்த வட்ட முனையின் நுணுக்கமான பின்களை வைத்து இதைச் செய்வது பெரும்பாடு. சோதனை முடிந்ததும் புட்டியை மூடுங்கள். ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். டெல்டாவின் காம்மேனேஜர் என்ற இணைப்பு மென்பொருள் பின்னணியில் அந்த போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் டெல்டாவின் புரோகிராமிங் மென்பொருளான டபிள்யூபிஎல்சாஃப்ட்டுக்குக் கிடைக்காது. கேபிளை வேறு யுஎஸ்பி போர்ட்டில் மாற்றிச் செருகினால் காம் எண் மாறலாம் என்பதையும் கவனியுங்கள்.

டிவிபியின் ஆரம்ப அமைப்பு 9600 பாட், 7 பிட், ஈவன் பேரிட்டி, 1 ஸ்டாப் பிட், ஆஸ்கி, ஸ்டேஷன் 1. பெரும்பாலான ஆட்கள் 8 பிட், நோ பேரிட்டி என்று பழக்கதோஷத்தில் வைத்துவிட்டு முழிப்பார்கள். டபிள்யூபிஎல்சாஃப்ட்டின் கம்யூனிகேஷன் செட்டிங்கில் ஆட்டோ டிடெக்ட் இருக்கிறது, அதை ஓடவிடுங்கள். புரோகிராம் எழுதியவர் டி1036 ரிஜிஸ்டர் வழியாக இந்த அமைப்பை மாற்றி வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தச் சந்தேகம் வந்தால், மெஷினை நிறுத்தலாம் என்று புரொடக்‌ஷன் ஆட்கள் ஒப்புக்கொண்ட நேரத்தில், ரன்/ஸ்டாப் ஸ்விட்சை ஸ்டாப்பில் வைத்து பவரை அணைத்துப் போடுங்கள். புரோகிராம் ஓடாததால் பெரும்பாலும் போர்ட் ஆரம்ப அமைப்பிலேயே எழுந்து நிற்கும். ஆனால் பேட்டரி பழசாகிவிட்ட யூனிட்டாக இருந்தால் பவரை அணைக்கும் முன் யோசியுங்கள். டெல்டாவில் சில பழைய மாடல்கள் புரோகிராமையே பேட்டரியின் தயவில் வைத்திருப்பவை. உங்களுடையது எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை.

பிடிபட்ட பிறகு சில நிமிடங்களில் அறுந்துபோனால் அது வேறு கதை. லேப்டாப் மின்சாரம் மிச்சம் பிடிக்க யுஎஸ்பியை அணைக்கும் அமைப்பு டிவைஸ் மேனேஜரில் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடும்போது மட்டும் அறுகிறது, மோட்டார் நின்றதும் சரியாகிறது என்றால் எர்த்திங்கும் நாய்ஸும்தான். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். டெல்டாவின் அந்த வட்ட போர்ட்டுக்கு மின் தனிமை கிடையாது. லேப்டாப் பாடியைத் தொட்டால் சுருக்கென்று ஒரு கூச்சம் வருமே, அந்தக் கசிவு கேபிள் வழியாக பிஎல்சிக்கும் போகும். பீன்யாவின் பழைய ஷெட்களில் எர்த் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சீரியல் போர்ட் நிஜமாகவே எரிந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். ஈதர்நெட்டில் டிரான்ஸ்ஃபார்மர் தனிமை இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

கடைசியில் எப்போது டெல்டா போர்ட் போய்விட்டது என்று சொல்லலாம்? இதே லேப்டாப், இதே கேபிள் வேறொரு டிவிபியில் பேசியிருக்க வேண்டும். இதில் ஆட்டோ டிடெக்ட்டும் ஸ்டாப்பில் வைத்து எழுப்பிய சோதனையும் தோற்றிருக்க வேண்டும். அதற்குக் குறைவான ஆதாரத்தில் நான் அந்தத் தீர்ப்பை எழுத மாட்டேன். அப்படியே போயிருந்தாலும் உடனே சிபியு மாற்ற வேண்டியதில்லை. டிவிபியில் ஆர்எஸ்-485 டெர்மினல் உள்ள மாடல்களில் காம் 2 வழியாகவும் ஒரு யுஎஸ்பி-485 கன்வெர்ட்டரைப் போட்டு புரோகிராமை எடுக்கலாம். அந்த காம் 2 ஏற்கெனவே விஎஃப்டிகளுக்கு மாஸ்டராகப் பேசிக்கொண்டிருந்தால் இந்த வழி நேரடியாக நடக்காது, பிஎல்சியை ஸ்டாப்பில் வைத்து முயல வேண்டியிருக்கும்.

வைஃபையை அணைத்த பிறகு வந்த ஏஆர்பி பட்டியல், பிஎல்சி மூடிக்குக் கீழே உள்ள மேக் எண், டெல்டாவின் மாடல் எண், கேபிளின் மேல் அச்சிட்டிருப்பது, டிவைஸ் மேனேஜர் காட்டும் பெயர் இவற்றை இதே இடத்தில் எழுதுங்கள். மாலையில் பார்த்துப் பதில் போடுகிறேன்.